காலி எடை

எடைமேடை ஜன்னல் வலையில்
செருகிக்கொண்டு நின்றது.
இரண்டாம் ஷிப்ட். தை மாதக் காற்று.
அத்திப்பட்டு ரோட்டில் கரி லாரிகள்
ஒன்றின் முதுகை ஒன்று முட்டிக்கொண்டு.
இறகு ஒரு ஜாணும் இரண்டு விரலும்.
கறுப்பு.

"காக்கா எறகு. தூக்கிப் போடு"
என்றாள் டெல்பின்.
போட்டிருக்கலாம்.
ஆனால் என் வேலையே
வருவதற்கெல்லாம் பேர் போட்டு அனுப்புவதுதான்:
வண்டி எண், சரக்கு, நேரம்,
மொத்த எடை, காலி எடை.

சீட்டுக்குக் கை நீட்டிய சுப்பாராவ் சொன்னார்,
"அண்டங்காக்கா மேடம்.
ஊர்க்காக்காக்கு ஏது இவ்ளோ நீளம்?"
கேட்டில் நின்ற இலியாஸுக்கு
யார் எது சொன்னாலும் மறுக்க வேண்டும்:
"ஆண் குயிலும் கறுப்புதான், தெரியுமா?"
பின்னால் ஏழு லாரி ஹாரன் அடித்தது.

கூட்டம் குறைந்ததும்
வெறும் மேடையில் இறகைக் கிடத்திவிட்டு வந்து
திரையைப் பார்த்தேன்.
இருபது கிலோவுக்குக் கீழே
எதுவும் அதற்குத் தெரியாது.
பூஜ்யம்.

டீக்கடை வாதுமரத்தடியில்
நிஜக் காக்கை இறகு ஒன்று கிடைத்தது.
டியூப்லைட்டின் கீழே இரண்டையும் சாய்த்தேன்.
காக்கையுடையதில் ஊதா ஓடியது,
மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினாற்போல.
என்னுடையது வெளிச்சத்தை வாங்கி
உள்ளே வைத்துக்கொண்டது.
நகத்தால் தண்டைச் சுரண்டினேன்.
வெள்ளை.

விம்கோ நகர். ராத்திரி பதினொன்றரை.
என் சுடிதார் ஊறுகிற அதே வாளியில்
அதையும் போட்டேன்.
தண்ணீர் கறுத்தது. அது தினமும் கறுக்கும்,
யாரிடமிருந்து என்று அன்றுதான் கேட்கத் தோன்றியது.
அலசினேன். திரும்பவும் சோப்பு. திரும்பவும்.
அடியிலிருந்து மெல்ல
சோற்றுக்கஞ்சி நிறத்தில் ஒரு வெள்ளை
மேலே ஏறிவந்தது.
பாதிக்கு மேல் ஏறவில்லை.

நுனி மட்டும் அப்படியே.
பல் தேய்க்கும் பிரஷ், எலுமிச்சைத் தோல்,
பாத்திரத்துச் சோப்பு.
ஏழாம் வகுப்பில்
என் கழுத்தில் ஸ்கேலை வைத்து
"இது அழுக்கா, நிறமா?" என்று
வகுப்பைப் பார்த்துக் கேட்டாள் கணக்கு டீச்சர்.
அன்று சாயங்காலம் பீர்க்கங்கூடு போட்டு
ரத்தம் கசியத் தேய்த்தேன்.
கை அங்கே நின்றது.
பிரஷை வைத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் பார்த்தேன்,
நுனிக் கறுப்புக்கு நடுவில்
திறந்துவிட்ட சின்ன ஜன்னலாக
ஒரு வெள்ளைப் பொட்டு.
கரி அதை மூடியிருந்தது.
கறுப்பு அதை
எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் டெல்பின் கையில் வாங்கியதுமே,
"அட, கடக்காக்கா!" என்றாள்.
அவள் நெட்டுக்குப்பம்;
அவள் வீட்டு வலையில் பாதி நாள்
மீனுக்கு முன்னால் பறவைதான் வந்து உட்காரும்.
"பனி மாசத்துல முகத்துவாரத்துல கூட்டமா எறங்கும்.
ஒடம்பு வெள்ளை.
றெக்கை முனை கறுப்பு, அது பொறப்பு.
தேச்சா போவுமா?"
கொஞ்சம் நிறுத்தி,
"நேத்தே சொன்னேன்ல, காக்கான்னு."

ரெஜிஸ்டரில் தை பதினெட்டாம் தேதிப் பக்கத்தில்
அதை வைத்து மூடினேன்.
கரி கொட்டிவிட்டு
சுப்பாராவ் வெறும் வண்டியோடு மேடை ஏறினார்.
திரையில் எண்கள் ஆடி, ஆடி, நின்றன.
மொத்தத்தில் இதைக் கழித்தால் கரி.
இது லாரி.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

வெளியே கம்பத்தில் ஒரு காக்கை,
கழுத்தைச் சுற்றிச் சாம்பல்.
பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி.
நேற்றுவரை கேட்டிருந்தால்
சட்டென்று சொல்லியிருப்பேன்.